ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையின் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது: கட்டுரையாளருக்கு ஒரு வழிகாட்டி

ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரையை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவருக்குத் திரையில் தெரிவதெல்லாம் சில சொற்கள்தாம்: ‘பெறப்பட்டது’, ‘பதிப்பாசிரியரிடம் உள்ளது’, ‘மதிப்பாய்வில் உள்ளது’, ‘முடிவு நிலுவையில் உள்ளது’. இச்சொற்களுக்குப் பின்னால் யார் எதைப் படிக்கிறார்கள், எந்தக் கேள்வியை மனத்தில் வைத்துப் படிக்கிறார்கள் என்பது தெரியாததால், முதல் கட்டுரையை அனுப்பும் பலர் ஏற்பும் மறுப்பும் முற்றிலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தவை என்று எண்ணிவிடுகிறார்கள். அதிர்ஷ்டத்துக்கும் ஓரளவு இடம் உண்டு. ஆனால் முடிவின் பெரும்பகுதி, ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்படும் சில கேள்விகளுக்குக் கட்டுரை என்ன விடை தருகிறது என்பதைப் பொறுத்தது. அந்தக் கேள்விகளை முன்கூட்டியே அறிந்தவர் கட்டுரையை எழுதும் விதமும், மதிப்புரைகளுக்குப் பதில் சொல்லும் விதமும் கண்கூடாக மாறிவிடும்.

முடிவு யாருடையது

கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் வெளி வல்லுநர்களான மதிப்பாய்வாளர்கள் பரிந்துரைக்கிறார்கள், முடிவெடுப்பவர் பதிப்பாசிரியர். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். 1665-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் ‘பிலசாபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழைத் தொடங்கியபோது, எதை அச்சிடுவது என்பதைப் பெரும்பாலும் அவரே தீர்மானித்தார். வெளியிலுள்ள வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும் என்ற நடைமுறை இதழ்களில் பொதுவிதியாக வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1869-இல் தொடங்கிய ‘நேச்சர்’ இதழ்கூட 1973-இல்தான் வெளி மதிப்பாய்வை முறைப்படி கட்டாயமாக்கியது; அதே இதழில் 1953-இல் வெளிவந்த வாட்சன், கிரிக் இருவரின் டி.என்.ஏ. கட்டுரை வெளி மதிப்பாய்வுக்குப் போகாமலே அச்சேறியது. வல்லுநர் கருத்து பின்னாளில் வந்து சேர்ந்த துணை; பதிப்பாசிரியரின் தீர்ப்பே தொடக்கத்திலிருந்து நடுவில் இருந்து வருகிறது.

இன்று பெரும்பாலான இதழ்களில் முதன்மைப் பதிப்பாசிரியர் ஒருவரும், துறைவாரியாக இணைப் பதிப்பாசிரியர்கள் சிலரும் இருப்பார்கள். கட்டுரையைக் கையாள்பவர் பெரும்பாலும் இணைப் பதிப்பாசிரியரே. இறுதிக் கையொப்பம் மட்டும் சில இதழ்களில் முதன்மைப் பதிப்பாசிரியருக்கு உரியது. ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ போன்றவற்றில் இப்பணியையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட பதிப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். கல்விச் சங்கங்கள் நடத்தும் இதழ்களில் பேராசிரியர்கள் தங்கள் வகுப்புக்கும் ஆய்வுக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில் இதைச் செய்கிறார்கள். தாமதம் எங்கிருந்து வருகிறது என்பதை இந்த வேறுபாடே பெரிதும் விளக்கும். உங்கள் கட்டுரையைக் கையாளப்போகிறவர் பெரும்பாலும் உங்கள் நுண்துறையைச் சேர்ந்தவராக இருக்க மாட்டார். பக்கத்துத் துறையை நன்கு அறிந்த, நேரம் குறைந்த வாசகராக இருப்பார். அவரை மனத்தில் வைத்தே தலைப்பையும் சுருக்கத்தையும் எழுத வேண்டும்.

அலுவலகச் சோதனை

பதிப்பாசிரியரைச் சென்றடையும் முன் கட்டுரை இதழ் அலுவலகத்தில் நிற்கும். சொல்வரம்பு, மேற்கோள் முறை, படங்களின் தரம், பெயர் மறைக்க வேண்டிய இதழாக இருந்தால் கோப்பில் பெயர் எங்கும் எஞ்சியிருக்கிறதா என்பது, நெறிக்குழு ஒப்புதல், நலன் முரண் (ஆய்வின் நடுநிலையைப் பாதிக்கக்கூடிய சொந்த ஆதாயம் அல்லது தொடர்பு) பற்றிய அறிவிப்பு, தரவு எங்கே கிடைக்கும் என்ற குறிப்பு ஆகியவை இங்கே பார்க்கப்படும். ஏற்கெனவே வெளியான எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதிகளை மென்பொருள் வழியாகத் தேடுவதும் இங்கேதான். ஒப்புமை விழுக்காடு மட்டுமே யாரையும் தண்டிப்பதில்லை; செய்முறைப் பகுதியில் வழக்கமான தொடர்கள் ஒத்திருப்பது இயல்பு. முடிவுரையில் ஒரு பத்தி முழுவதும் ஒத்திருந்தால் அது வேறு விஷயம்.

மருத்துவ ஆய்வாளர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மருத்துவ இதழ்ப் பதிப்பாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதியின்படி, மனிதர்களிடம் நடத்தும் மருத்துவச் சோதனை, முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். 2005 முதல் நடைமுறையில் உள்ள இந்த விதியைப் பின்னால் சரிசெய்ய வழியே இல்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கட்டுரையாளர் பட்டியலில் சேர்க்கக் கூடாது, பயன்படுத்தியிருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதையும் இக்குழு 2023-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

மேசையிலேயே வரும் மறுப்பு

ஆய்வாளர்கள் ‘டெஸ்க் ரிஜெக்‌ஷன்’ என்று சொல்வது, வெளி மதிப்பாய்வுக்கு அனுப்பாமல் பதிப்பாசிரியரே கட்டுரையைத் திருப்பிவிடுவதை. நிறையக் கட்டுரைகள் வந்து குவியும் இதழ்களில் மிகப் பெரும் பங்கு இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. கட்டுரையாளரின் கட்டுப்பாட்டில் மிக அதிகமாக இருக்கும் கட்டமும் இதுவே என்பதால் இங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது.

பதிப்பாசிரியர் இந்தக் கட்டத்தில் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பதில்லை. தலைப்பு, சுருக்கம், உடன் அனுப்பிய கடிதம், அறிமுகத்தின் கடைசிப் பத்தி, அட்டவணைகள், படங்கள், மேற்கோள் பட்டியல் ஆகியவற்றைப் பார்க்கிறார். அவர் கேட்கும் கேள்விகளும் சிலவே. இது எங்கள் வாசகர்களுக்கு உரியதா? ஏற்கெனவே தெரிந்ததோடு இது எதைச் சேர்க்கிறது? சொல்லப்படும் முடிவைத் தாங்கும் அளவுக்குச் சான்று இருக்கிறதா? மதிப்பாய்வாளர்களின் நேரத்தைக் கேட்கும் அளவுக்குக் கட்டுரை முதிர்ந்திருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. ஊதியமின்றி உழைக்கும் வல்லுநர் ஒருவரின் பல மணி நேரத்தைக் கேட்டு வாங்கும் பொறுப்பு பதிப்பாசிரியருடையது. அரைகுறையாக எழுதிய கட்டுரையை அனுப்பி அந்த நல்லெண்ணத்தைச் செலவிட அவர் விரும்ப மாட்டார்.

இதழின் எல்லைக்குப் பொருந்தவில்லை என்ற காரணமே அதிகம் சொல்லப்படுவது. இதைத் தவிர்க்க, ‘நோக்கமும் எல்லையும்’ என்ற பக்கத்தைப் படிப்பது போதாது; அந்தப் பக்கங்கள் எல்லாவற்றையும் வரவேற்பது போலவே எழுதப்பட்டிருக்கும். கடந்த இரண்டு ஆண்டுகளின் பொருளடக்கத்தை எடுத்து, உங்கள் கட்டுரையைப் போன்ற கேள்வியை, உங்களுடையதைப் போன்ற முறையில் ஆராய்ந்த கட்டுரைகள் எத்தனை வந்திருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் மேற்கோள் பட்டியலில் அந்த இதழின் கட்டுரை ஒன்றுகூட இல்லையென்றால், ஒன்று நீங்கள் அங்கே நடக்கும் உரையாடலைக் கவனிக்கவில்லை, அல்லது அது உங்களுக்கான இதழ் இல்லை. பட்டியலை நிரப்புவதற்காக அந்த இதழின் கட்டுரைகளைச் செயற்கையாகச் சேர்ப்பது உதவாது. தொடர்பில்லாத மேற்கோள் பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

உடன் அனுப்பும் கடிதத்தைச் சடங்காக எழுதுபவர்கள் ஒரு வாய்ப்பை இழக்கிறார்கள். ‘எங்கள் கட்டுரையை உங்கள் மதிப்புமிக்க இதழில் வெளியிடப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்பதோடு நிற்கும் கடிதத்திலிருந்து பதிப்பாசிரியர் எதையும் தெரிந்துகொள்வதில்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ‘மண்ணின் ஈரப்பதம் குறையும்போது வேர்முடிச்சு நுண்ணுயிர்கள் செயலிழக்கின்றன என்பது தெரிந்ததே; ஈரம் திரும்பிய பிறகு அவை எவ்வளவு விரைவில் மீள்கின்றன என்பது களத்தில் அளக்கப்படவில்லை. மூன்று பருவங்களில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு அதை இங்கே காட்டுகிறோம். ஆய்வு ஒரே மண் வகையில் நடந்தது என்பதால் முடிவை அதற்கு அப்பால் நீட்டவில்லை.’ தெரிந்தது, தெரியாதது, செய்தது, எல்லை ஆகிய நான்கும் நான்கு வாக்கியங்களுக்குள் வந்துவிட்டன. மதிப்பாய்வாளர்களை அழைக்கும்போது பதிப்பாசிரியர் தாமும் இதே சொற்களைப் பயன்படுத்த முடியும்.

முடிவைச் சான்றுக்கு மேல் உயர்த்திச் சொல்வது இன்னொரு பொதுவான காரணம். தொடர்பை மட்டும் காட்டும் தரவைக் கொண்டு காரணத்தை நிறுவியதாகத் தலைப்பில் அறிவிக்கும் கட்டுரை, அனுபவமுள்ள பதிப்பாசிரியரிடம் தலைப்போடு நின்றுவிடும். துணிவான முடிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரவு தாங்கும் அளவுக்குத் துணிவாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் உள்ளதை விவாதப் பகுதியில், ஊகம் என்றே குறிப்பிட்டு வையுங்கள்.

பல இதழ்கள் கட்டுரையாளரிடமே மதிப்பாய்வாளர்களின் பெயர்களைப் பரிந்துரைக்கச் சொல்கின்றன. உங்களோடு அண்மையில் சேர்ந்து எழுதியவர், உங்கள் வழிகாட்டி, உங்கள் நிறுவனத்தைச் சேர்ந்தவர் ஆகியோரைத் தவிர்த்துவிட்டு, உண்மையில் அந்த முறையில் தேர்ந்தவர்களைச் சொல்லுங்கள். அவர்களுடைய நிறுவன மின்னஞ்சலையே தாருங்கள். இந்த வசதியைத் தவறாகப் பயன்படுத்தி, இருக்கும் வல்லுநரின் பெயரில் போலி முகவரி கொடுத்துத் தாங்களே மதிப்புரை எழுதிக்கொண்டவர்கள் உண்டு. ‘டியூமர் பயாலஜி’ இதழில் வெளியான 107 கட்டுரைகளை ஸ்பிரிங்கர் பதிப்பகம் 2017-இல் ஒரே முறையில் திரும்பப் பெற்றதற்குக் காரணம் இத்தகைய மோசடிதான். அதன்பின் பதிப்பாசிரியர்கள் பரிந்துரைக்கப்பட்ட பெயர்களை ஐயத்தோடு பார்க்கிறார்கள். ஒருவரை எடுத்துக்கொண்டாலும் மற்றவரைத் தாமே தேடுகிறார்கள். ஒருவரிடம் அனுப்ப வேண்டாம் என்று கேட்கும் உரிமையும் பெரும்பாலும் உண்டு. அதற்கான காரணத்தை ஒரு வரியில், குற்றச்சாட்டாக இல்லாமல் சொல்ல வேண்டும்.

மதிப்பாய்வில் நடப்பது

மேசையைத் தாண்டிய கட்டுரைக்கு வழக்கமாக இரண்டு அல்லது மூன்று மதிப்பாய்வாளர்கள் தேவை. அவர்களைக் கண்டுபிடிப்பதே பெரும் வேலை; அழைக்கப்படுபவர்களில் பலர் மறுப்பார்கள், சிலர் பதிலே சொல்ல மாட்டார்கள். திரையில் வாரக்கணக்கில் நிலை மாறாமல் இருந்தால், உங்கள் கட்டுரை மறக்கப்பட்டது என்று பொருள் இல்லை. ஒப்புக்கொள்ளும் ஆள் இன்னும் கிடைக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். இதழ் தன் பக்கத்தில் சொல்லியிருக்கும் சராசரிக் காலம் கடந்த பிறகு அலுவலகத்துக்குக் கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டுச் சுருக்கமாக, மரியாதையாக எழுதிக் கேட்பதில் தவறில்லை.

மதிப்பாய்வு எந்த அளவுக்குப் பயனுள்ளது என்பதைக் காட்டும் வரலாற்று நிகழ்வு ஒன்றுண்டு. 1936-இல் ஐன்ஸ்டைனும் நேத்தன் ரோசனும் ஈர்ப்பு அலைகள் இல்லை என்று வாதிட்ட கட்டுரையை ‘பிசிகல் ரிவ்யூ’ இதழுக்கு அனுப்பினார்கள். பதிப்பாசிரியர் ஜான் டேட் அதை ஒரு மதிப்பாய்வாளருக்கு அனுப்ப, அவர் பிழையைச் சுட்டிக்காட்டி விரிவான குறிப்பு எழுதினார். அச்சுக்கு முன் வேறொருவரிடம் காட்டத் தாம் அனுமதி தரவில்லை என்று சினந்த ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு வேறோர் இதழில் அது வெளிவந்தபோது முடிவு மாறியிருந்தது. அந்த மதிப்பாய்வாளர் ஹோவர்ட் பெர்சி ராபர்ட்சன் என்பது பல பத்தாண்டுகள் கழித்து இதழின் பதிவேட்டிலிருந்து உறுதியானது. பிழை பிழையே, அதைச் சுட்டியவரின் பெயரோ எழுதியவரின் புகழோ அதை மாற்றுவதில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1982-இல் வெளியான ஓர் ஆய்வில், டக்ளஸ் பீட்டர்ஸ், ஸ்டீபன் சேசி ஆகிய உளவியலாளர்கள், புகழ்பெற்ற நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் எழுதி ஏற்கெனவே வெளியாகியிருந்த 12 கட்டுரைகளை, பெயரையும் நிறுவனத்தையும் மாற்றி, வெளியிட்ட அதே இதழ்களுக்கே மீண்டும் அனுப்பினார்கள். மூன்று மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. மீதி ஒன்பதில் எட்டு மறுக்கப்பட்டன, பெரும்பாலும் ஆய்வுமுறைக் குறைகளைக் காரணம் காட்டி. அந்த ஆய்வைக் குறித்தும் விவாதங்கள் எழுந்தன. ஆனாலும் கட்டுரையாளரின் பெயரை மதிப்பாய்வாளரிடமிருந்து மறைக்கும் இருவழி மறைப்பு முறைக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். மதிப்பாய்வாளர் பெயர் மட்டும் மறைந்திருக்கும் ஒருவழி முறை இயற்கை அறிவியல் இதழ்களிலும், இருவழி முறை சமூகவியல், மானுடவியல் துறைகளிலும் அதிகம். இருவழி முறையில் ‘எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியது போல’ என்று எழுதினால் மறைப்பு கலைந்துவிடும். சொந்தக் கட்டுரையையும் பிறர் கட்டுரை போலவே குறிப்பிட வேண்டும்.

மதிப்பாய்வாளர் இரண்டு குறிப்புகளை எழுதுகிறார்: கட்டுரையாளர் பார்ப்பதற்கு ஒன்று, பதிப்பாசிரியருக்கு மட்டும் இன்னொன்று. பரிந்துரைப் பெட்டியில் ஏற்கலாம், சிறு திருத்தம், பெருந்திருத்தம், மறுக்கலாம் என்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். பதிப்பாசிரியர் இவற்றை வாக்குகளாக எண்ணுவதில்லை. ஒருவர் இரண்டு வரியில் ‘சிறந்த கட்டுரை’ என்று எழுதி ஏற்கச் சொல்லியிருக்கலாம். இன்னொருவர் மூன்று பக்கத்தில் ஒப்பீட்டுக் குழு தேர்ந்தெடுக்கப்பட்ட விதத்திலேயே சாய்வு இருக்கிறது என்று காரணத்தோடு விளக்கியிருக்கலாம். எடை இரண்டாவதற்கே. இரண்டும் சமவலுவுள்ள எதிர்க்கருத்துகளாக இருந்தால் மூன்றாமவரைக் கேட்பார், அல்லது தாமே கட்டுரையை முழுதாகப் படித்துத் தீர்ப்பார். அவர் மனத்தில் ஓடும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: சொல்லப்பட்ட குறை திருத்தக்கூடியதா, இல்லையா? விளக்கம் போதவில்லை, இன்னொரு பகுப்பாய்வு வேண்டும், சில நூல்கள் விடுபட்டன என்பவை திருத்தக்கூடியவை. தரவு திரட்டிய முறையே கேள்விக்கு விடை தராது என்பது எவ்வளவு நல்ல நடையில் எழுதினாலும் திருந்தாது.

எல்லா இதழ்களும் ஒரே அளவுகோலைப் பிடிப்பதில்லை. 2006-இல் தொடங்கிய ‘பிளாஸ் ஒன்’, ஆய்வு முறையாக நடந்திருக்கிறதா, முடிவு தரவிலிருந்து வருகிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. கண்டுபிடிப்பு எவ்வளவு முக்கியமானது என்ற கேள்வியை வாசகருக்கு விட்டுவிடுகிறது. ‘கார்ட்டெக்ஸ்’ இதழ் 2013-இல் அறிமுகப்படுத்திய முன்பதிவுக் கட்டுரை முறையில், தரவு திரட்டும் முன்பே ஆய்வுத் திட்டம் மதிப்பாய்வுக்குச் செல்கிறது. திட்டம் ஏற்கப்பட்டு, அதன்படியே ஆய்வு நடந்தால், விளைவு எதுவாக இருந்தாலும் வெளியிடப்படும். எதிர்பார்த்த விளைவு வராத ஆய்வுகள் இழுப்பறையில் புதைந்துபோவதைத் தடுக்க நான் அறிந்தவற்றில் மிக நேர்மையான ஏற்பாடு இது. உங்கள் துறை இதழ்களில் இந்த வசதி இருந்தால் ஆய்வைத் தொடங்கும் முன்பே விசாரியுங்கள். ‘ஈலைஃப்’ இதழ் 2023 முதல், மதிப்பாய்வுக்கு எடுத்துக்கொண்ட கட்டுரையை அதன்பின் ஏற்பது, மறுப்பது என்ற நடைமுறையையே கைவிட்டு, கட்டுரையை மதிப்புரைகளோடும் பதிப்பாசிரியர் கணிப்போடும் சேர்த்து வெளியிடுகிறது.

முடிவுக் கடிதத்தைப் படிப்பது

முதல் சுற்றிலேயே திருத்தமின்றி ஏற்கப்படுவது அரிது. ஆகவே ‘பெருந்திருத்தம்’ என்ற சொல்லைக் கண்டு சோர்ந்துபோக வேண்டாம். பதிப்பாசிரியர் இந்தக் கட்டுரையில் மேலும் நேரம் செலவிட முன்வந்திருக்கிறார் என்பதே அதன் பொருள். சிக்கல் நடுவிலுள்ள சொற்களில் இருக்கிறது. ‘இப்போதைய வடிவில் வெளியிட இயலாது, ஆனால் கருத்துகளுக்கு முழுமையாகப் பதில் தரும் திருத்திய வடிவத்தைப் பரிசீலிக்கத் தயாராக இருக்கிறோம்’ என்ற வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, கட்டுரை மறுக்கப்பட்டதாக நினைத்து வேறு இதழுக்கு ஓடுபவர்கள் உண்டு. அது திருத்தத்துக்கான அழைப்பு. ‘மறுக்கிறோம், கணிசமாக மாற்றி எழுதினால் புதிய கட்டுரையாக அனுப்பலாம்’ என்பது அதைவிடக் குறைந்த உறுதி, புதிய எண், ஒருவேளை புதிய மதிப்பாய்வாளர்கள். ‘வேறு இதழ் பொருத்தமாக இருக்கும்’ என்பதோடு அதே பதிப்பகத்தின் இன்னோர் இதழுக்கு மாற்றிக்கொள்ளும் இணைப்பும் வந்தால், அது மறுப்பே. மாற்றிக்கொள்வதற்கு முன் அந்த இதழின் தரத்தையும் வெளியீட்டுக் கட்டணத்தையும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடிதத்தில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டியது மதிப்புரைகளுக்கு மேலே பதிப்பாசிரியர் தம் கையால் எழுதிய பத்தி. ‘குறிப்பாக இரண்டாம் மதிப்பாய்வாளரின் முதல் கருத்தைக் கவனிக்கவும்’ என்று அவர் எழுதியிருந்தால், கட்டுரையின் தலைவிதி அந்த ஒரு கருத்தைப் பொறுத்தது. மற்ற முப்பது கருத்துகளுக்கும் அழகாகப் பதில் சொல்லிவிட்டு அதை மழுப்பினால் இரண்டாம் சுற்றில் மறுப்பு வரும்.

பதில் கடிதம் எழுதுவது

மதிப்புரையை முதல் முறை படித்த அன்று பதில் எழுதாதீர்கள். ஓரிரு நாள் கழித்து மீண்டும் படிக்கும்போது, அநியாயமாகத் தோன்றிய கருத்துகளில் பாதி, நாம் தெளிவாக எழுதாததால் எழுந்தவை என்பது புலப்படும். தேர்ந்த வாசகர் ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டால், அச்சான பிறகு மற்றவர்களும் அப்படியே புரிந்துகொள்வார்கள்.

பிறகு ஒவ்வொரு கருத்தையும் சொல் மாறாமல் படியெடுத்து, அதன் கீழ் பதிலையும், கட்டுரையில் எந்தப் பக்கம், எந்த வரியில் என்ன மாறியது என்பதையும் எழுதுங்கள். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மதிப்பாய்வாளர் எழுதுகிறார்: ‘மாதிரி அளவு எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்று சொல்லப்படவில்லை.’ கட்டுரையாளர்கள் பலர் தரும் பதில்: ‘கருத்துக்கு நன்றி. மாதிரி அளவு போதுமானது. முந்தைய ஆய்வுகளும் இதே அளவையே பயன்படுத்தியுள்ளன.’ இது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. கட்டுரையிலும் எதுவும் மாறவில்லை. இப்படி எழுதலாம்: ‘இந்த விவரம் விடுபட்டது எங்கள் குறை. தரவு திரட்டும் முன் நாங்கள் முறைப்படி மாதிரி அளவைக் கணக்கிடவில்லை. கிடைத்த காலத்துக்குள் சேர்க்க முடிந்த அனைவரையும் சேர்த்தோம். இதைச் செய்முறைப் பகுதியில் (பக்கம் 7, வரி 12 முதல் 15 வரை) வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறோம். சிறிய விளைவுகளைக் கண்டறிய இந்த அளவு போதாது என்பதை வரம்புகள் பகுதியில் குறிப்பிட்டு, அதற்கேற்பச் சுருக்கத்தின் கடைசி வாக்கியத்தையும் மென்மையாக்கியிருக்கிறோம்.’ உண்மையை ஒப்புக்கொண்ட பதில் கட்டுரையைப் பலவீனமாக்கவில்லை. பதிப்பாசிரியர் இதைப் படித்தவுடன் அந்தக் கருத்து தீர்ந்தது என்று குறித்துக்கொள்ள முடிகிறது.

உடன்பட முடியாத கருத்துகளும் வரும். எல்லாவற்றுக்கும் தலையசைப்பது நல்லதல்ல. மதிப்பாய்வாளர் சொன்னார் என்பதற்காகத் தவறான பகுப்பாய்வைச் சேர்த்தால், அச்சில் அதற்குப் பொறுப்பு உங்களுடையது. மறுக்கும்போது முதலில் அவர் எதைக் குறித்துக் கவலைப்படுகிறார் என்பதை அவரே ஒப்பும்படி எடுத்துச் சொல்லுங்கள். பிறகு காரணத்தைத் தரவோடோ வெளியான ஆய்வோடோ வையுங்கள். முடிந்தால் அவர் கேட்ட பகுப்பாய்வைச் செய்துபார்த்து, முடிவு மாறவில்லை என்பதைத் துணைக்கோப்பில் காட்டுங்கள். இரண்டு மதிப்பாய்வாளர்கள் ஒன்றுக்கொன்று முரணானதைக் கேட்டால், கடிதத்தின் தொடக்கத்திலேயே அதைப் பதிப்பாசிரியருக்குச் சுட்டி, நீங்கள் எந்த வழியை ஏன் எடுத்தீர்கள் என்று விளக்குங்கள். தன் கட்டுரைகளையே வரிசையாக மேற்கோள் காட்டச் சொல்லும் மதிப்பாய்வாளரிடம் சண்டையிட வேண்டாம். பொருத்தமானதை மட்டும் சேர்த்து, மற்றவை ஏன் பொருந்தவில்லை என்பதைப் பதிப்பாசிரியருக்குத் தனியே தெரிவித்தால் போதும்.

மறுப்புக்குப் பிறகு

மேல்முறையீடு செய்யும் வழி பல இதழ்களில் உண்டு. மதிப்பாய்வாளர் உண்மைத் தகவலில் தெளிவாகத் தவறியிருந்தாலோ, நலன் முரண் இருப்பதற்குச் சான்று இருந்தாலோ மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். ‘இது முக்கியமான ஆய்வு’ என்று மீண்டும் வலியுறுத்தும் மேல்முறையீடு பயன் தராது. முக்கியத்துவம் பற்றிய தீர்ப்பு பதிப்பாசிரியரின் உரிமைக்கு உட்பட்டது.

அந்தத் தீர்ப்பு தவறுவதும் உண்டு. ஜார்ஜ் ஏகர்லாஃப் எழுதிய, பழைய கார்ச் சந்தையை முன்வைத்து, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத தகவல் ஏற்றத்தாழ்வை விளக்கிய கட்டுரையை மூன்று இதழ்கள் மறுத்தன. நான்காவது 1970-இல் வெளியிட்டது. 2001-இல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது. உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரெப்ஸ், செல்கள் உணவிலிருந்து ஆற்றல் பெற உதவும் சிட்ரிக் அமிலச் சுழற்சியைப் பற்றி 1937-இல் எழுதிய குறிப்பை ‘நேச்சர்’ ஏற்கவில்லை. அது வேறோர் இதழில் வந்தது. இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸின் நிகழ்வே எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. 1964-இல் ஓர் இதழ் அவருடைய கட்டுரையைத் திருப்பியபோது, அவர் அதை அப்படியே இன்னொன்றுக்குத் தள்ளவில்லை. தம் கோட்பாட்டின் இயற்பியல் விளைவைக் குறிப்பிடும் பகுதியைச் சேர்த்து ‘பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழுக்கு அனுப்பினார். புதிய துகள் ஒன்று இருக்க வேண்டும் என்ற கருத்து அந்தச் சேர்க்கையில்தான் இருந்தது.

ஆகவே மறுப்புக் கடிதத்தோடு வந்த மதிப்புரைகளை, திருத்தம் கேட்ட மதிப்புரைகளைப் போலவே உட்கார்ந்து படித்துக் கட்டுரையைத் திருத்துங்கள். சிறிய துறைகளில் அடுத்த இதழும் அதே வல்லுநரையே அழைக்கக்கூடும். தாம் சொன்ன எதுவும் மாறாமல் கட்டுரை மீண்டும் வந்திருப்பதைக் கண்டால் அவர் பழைய மதிப்புரையையே அனுப்புவார். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது ஏறக்குறைய எல்லா அறிவியல் இதழ்களிலும் நெறிமீறல். முதல் இதழிலிருந்து முடிவு வந்த பிறகு, அல்லது கட்டுரையைத் திரும்பப் பெற்றதை அது எழுத்தில் உறுதிசெய்த பிறகே அடுத்ததற்கு அனுப்ப வேண்டும்.

தொடர் மறுப்புகளால் களைத்திருக்கும்போதுதான், சில நாட்களில் வெளியிடுவதாக அழைக்கும் மின்னஞ்சல்கள் கவர்ச்சியாகத் தெரியும். ஒரு மதிப்புரைகூட இல்லாமல் ஏற்புக் கடிதமும் கட்டணச் சீட்டும் சேர்ந்து வந்தால், அங்கே யாரும் கட்டுரையைப் படிக்கவில்லை என்று கொள்ளலாம். அத்தகைய இடத்தில் அச்சேறிய ஆய்வை நல்ல இதழ் எதுவும் மீண்டும் எடுத்துக்கொள்ளாது. அனுப்பும் முன்பே பதிப்பாசிரியர் குழுவில் உள்ளவர்களின் பல்கலைக்கழகப் பக்கங்களுக்குச் சென்று, அவர்கள் அந்த இதழோடு உள்ள தொடர்பைத் தாமே குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால் ‘டோஜ்’ (DOAJ) என்னும் திறந்த அணுக்க இதழ்களின் அடைவில் அது இடம்பெற்றிருக்கிறதா என்று தேடுங்கள். இதழின் அண்மைக் கட்டுரைகளில் இரண்டை முழுதாகப் படியுங்கள். மதிப்பாய்வு நடந்ததா என்பதை உங்கள் துறை அறிவே உங்களுக்குச் சொல்லிவிடும்.